குதிரைமலைப் புதிர்: இடங்காண் ஆய்வு குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தோப்பூரில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு புறநானூற்றுப் பாடல்களைப் பயின்றுகொண்டிருந்த வேளையில் எழுந்த வினாவொன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று. பிட்டங்கொற்றன் என்னும் வள்ளலைப் பாடும் பாடலில் வரும் குதிரைமலை யாது என்பது வினா. “அது நம் நாட்டில், வில்பத்துக் காட்டில் இருக்கிறதாமே” என்று மாணவர் ஒருவர் கூறினார். அவர் அதனைத் தாமாகப் புனைந்து கூறினாரல்லர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஈழத்து வரலாற்று நூல்களிலும் பாடசாலைக் கட்டுரைகளிலும் விழா மேடைகளிலும் வழங்கிவரும் கூற்று அது. அக்கூற்று எத்துணை வலியுடைத்து என ஆராய்வதும், அதன் வாயிலாக இலக்கியத்தில் வரும் இடங்களை நிலத்தில் அடையாளங்காணும் முறையினை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

வில்பத்துத் தேசியப் பூங்கா இலங்கையின் வடமேற்குக் கரையில், தெற்கே கலா ஓயாவுக்கும் வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் இடையே 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் அமைந்துள்ளது. 1938இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இக்காடு போர்க்காலத்தில் பல்லாண்டுகள் மூடப்பட்டிருந்து, 2003இல் திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டு, 2010இல் மறுபடி திறக்கப்பட்டது. அதன் கடலோர முனையொன்றே இன்று குதிரைமலை என வழங்குவது. தோப்பூரும் குதிரைமலை முனையும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டை ஒட்டியவை. தீவின் இரு கரைகளில் எதிரெதிராய், நேர்கோட்டில் ஏறத்தாழ 160 கிலோமீற்றர் இடைவெளியில் உள்ளன. எனினும் எம் மாணவர் எவரும் அவ்விடத்தைக் கண்டதில்லை. ஆகவே அவ்விடத்திற்குச் செல்லாமலே அதனை ஆராயத் தலைப்பட்டோம். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம், 2005 முதல் எவர்க்கும் எட்டுவதாகிய கூகிள் ஏர்த் செய்மதிப் படங்கள், 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து ராடார் கொண்டு அளக்கப்பட்ட நிலவுயரத் தரவுகள் ஆகியன எமக்குக் கருவிகளாயின. ஒரு மேசையின் முன்னிருந்தவாறே காட்டினுட் புகுந்து வெளிவரும் இம் மெய்நிகர்ப் பயணம் எதனைக் காட்டவல்லது, எதனைக் காட்டமாட்டாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

2. பாட்டினுள் அமைந்த புதிர்

குதிரைமலை சங்கப் பாடல்களிற் பலவிடத்து வருகின்றது. புறநானூற்று 158ஆம் பாடலிற் பெருஞ்சித்திரனார் வள்ளல் எழுவரைத் தொகுத்துரைக்கையில் எழினியை இம்மலையோடு இணைத்துக் கூறுகிறார். 168ஆம் பாடலில் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பிட்டங்கொற்றனை இம்மலைக்கு உரியவனாக விளிக்கிறார். அகநானூற்றின் 143ஆம் பாடல் பிட்டனையும் 372ஆம் பாடல் அஞ்சியையும் இம்மலையோடு சார்த்துகின்றன.

புறப்பாடல்கள் இரண்டும் மலையை நேரே பெயர்சொல்லிக் கூறாது, எவரும் ஏறிச் செலுத்தாத குதிரை என்னும் பொருள்படச் சுற்றிவளைத்துக் கூறுகின்றமை நோக்கற்பாலது. பல பொருளுக்குப் பொதுவாகிய ஒரு சொல்லை, ஒரு பொருட்கே உரியதாக அடைகொடுத்து வரையறுப்பதனை இலக்கண நூலார் வெளிப்படை என்பர். குதிரை என்ற மாத்திரத்தே விலங்கு நினைவுக்கு வரும்; ஏறிச் செலுத்தப்படாதது என்றதும் அவ்விலங்கு விலக்கப்பட்டு மலை எஞ்சும். பழைய உரையும் அவ்வாறே குதிரைமலை எனப் பொருள் கொள்ளுகின்றது. கேட்போன் ஒரு கணம் தயங்கி, பின் விடையினைத் தானே கண்டு மகிழுமாறு அமைந்த விடுகதை இது. வேலும் குதிரையுமாகத் திரியும் வீரன் ஒருவனை, ஒருவராலும் ஏறிச் செலுத்தவியலாத குதிரைக்கு உரியவன் என்று புலவர் கூறும்போது, அவனது ஊர்திக்கும் அவனது மலைக்கும் இடையே ஒரு நயமான முரண் தோன்றுகின்றது. ஊர்தி அவனைச் சுமந்து செல்லும். மலையோ நின்ற இடத்தில் நின்று அவன் குடியைச் சுமக்கும்.

ஆகவே இப்பாடல்களிற் புதிர் இரண்டு உள. ஒன்று புலவர் வைத்தது. அதற்கு விடை பாட்டினுள்ளேயே உண்டு. மற்றொன்று ஆய்வாளர் வைத்தது. அம்மலை இன்று எங்குள்ளது என்பது. பின்னதில் மூழ்கியோர் முன்னதை மறந்தனர் என்பதே இக்கட்டுரையின் முதற் குறை.

3. முன்னோர் கூறிய விடை

முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்னும் ஆங்கில நூலில், சங்கப் பாடல்களின் குதிரைமலையை இலங்கையின் வடமேற்குக் கரைக் குதிரைமலையாகக் கொண்டு, எழினியையும் பிட்டங்கொற்றனையும் அப்பகுதிக் குறுநிலத் தலைவராகக் கருதினார். ஈழத்தமிழர் வரலாற்றைத் தமிழிலக்கியச் சான்று கொண்டு எழுத முனைந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். அக்காலத்தில் அகழாய்வுச் சான்றுகள் அரியனவாயிருந்தன. கையிற் கிடைத்தவை ஏடுகளும் இடப்பெயர்களுமே. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு வரலாற்றைக் கட்டியெழுப்ப முயன்ற அவருடைய துணிவு போற்றற்குரியது. ஆயின் போற்றுதல் வேறு, ஏற்றுக்கொள்ளுதல் வேறு.

இவ்வடையாளத்திற்குத் துணையாகக் காட்டப்படுவது உரோம அறிஞர் பிளினியின் குறிப்பாகும். அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவர் செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகை கொண்டிருந்தவர். அவரால் அடிமைத்தளை நீக்கப்பட்ட ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கடலிற் செல்லுங்கால் காற்றினால் அலைக்கப்பட்டுப் பதினைந்தாம் நாளில் தப்ரபேன் தீவின் இப்புரொஸ் என்னும் துறையை அடைந்தானென்றும், ஆறு திங்கள் தங்கி அந்நாட்டு மொழியைக் கற்று அரசனோடு உரையாடினானென்றும், வெவ்வேறு பேரரசர் வெளியிட்ட உரோம நாணயங்கள் யாவும் ஒரே நிறையினவாயிருந்தமை கண்டு வியந்த அரசன் நால்வரைத் தூதாக அனுப்பினானென்றும் பிளினி எழுதுகிறார். பேரரசர் குளோடியுஸ் ஆண்ட காலத்தில், அதாவது பொ.ஆ. 41க்கும் 54க்கும் இடையில், இது நிகழ்ந்ததாக அவர் கூற்று. இப்போஸ் என்பது கிரேக்க மொழியிற் குதிரையைக் குறிக்கும். அதனால் இப்புரொஸ் என்பது குதிரைமலை என்னும் தமிழ்ப் பெயரின் மொழிபெயர்ப்பே எனப் பலரும் கொண்டனர்.

இவ்விரு கூற்றுகளும் காலப்போக்கில் ஒன்றையொன்று தாங்கலாயின. சங்கப் பாடல் குதிரைமலையைக் கூறுதலின் பிளினியின் துறை குதிரைமலையே என்பர். பிளினி குதிரைமலைத் துறையைக் கூறுதலின் சங்கப் பாடலின் மலை இலங்கையதே என்பர். தனித்து நிற்கமாட்டாத இரு தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதனை மண்டபம் என்று கொள்ளுதல் தகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

4. மேசைமுன் ஒரு காட்டுப் பயணம்

முதற்கண் 168ஆம் பாடல் தரும் நிலக்காட்சியை நோக்குவோம். அதில் அருவி ஒலிக்கின்றது, மூங்கில் அடர்ந்துள்ளது, பக்கமலையில் மிளகுக்கொடி படர்கின்றது, காந்தள் மலர்ந்துள்ளது. காந்தட்கிழங்கினை நாடிக் காட்டுப்பன்றி நிலத்தைக் கிளறுகின்றது. அவ்வாறு கிளறப்பட்ட மண்ணையே உழுத புழுதியாகக் கொண்டு குறவர் தினை விதைக்கின்றனர். விளைந்த தினையை மரையாவின் பாலில், சந்தனக் கட்டையை விறகாக எரித்துச் சமைத்து, அகன்ற வாழையிலையிற் பலரோடும் பகுத்துண்கின்றனர்.

இனி வரைபடத்தை நோக்குவோம். வில்பத்துப் பூங்காவின் நிலம் கடல் மட்டத்திலிருந்து மெல்ல உயர்ந்து, அதன் மிக உயர்ந்த பகுதியிலும் 150 மீற்றரளவினதாகவே உள்ளது. கடலோரத்துக் குதிரைமலையோ செம்மண் மேடும் கடலை நோக்கிய தாழ்ந்த சரிவுமாக அமைந்தது. நிலவுயரத் தரவுகளைக் கொண்டு அம்முனையின் பக்கத்தோற்றத்தை வரைந்து பார்த்த மாணவர்க்கு முதலில் ஏமாற்றமே எஞ்சியது. மலை என எண்ணியிருந்த இடத்தில் ஒரு மேட்டையே கண்டனர். அருவி வீழ்தற்கு அங்குப் பாறைச் சரிவு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழையே பெறும் உலர்வலயக் காடு அது. மிளகுக்கொடி தானாகப் படர்தற்குரிய ஈரமலைச் சாரல் அன்று. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் நிலத்தில் சந்தனத்தை விறகாக எரித்தல் இயலாது.

நடுநிலை கருதி மறுதலைச் சான்றையும் கூறல் வேண்டும். காட்டுப்பன்றி வில்பத்தில் மிகுதி. மரை என்று ஈழத்தமிழர் வழங்கும் பெருமானும் அங்கு உண்டு. காந்தளாகிய கார்த்திகைப்பூ உலர்வலயத்திலும் பூக்கும். இவற்றை மாணவர் ஒருவர் பட்டியலிட்டுக் காட்டியபோது அவரது உழைப்பைப் பாராட்டினோம். ஆயினும் இம்மூன்றும் தமிழகத்தின் மலைகளிலும் ஈழத்தின் காடுகளிலும் ஒருங்கே காணப்படுவன. எங்கும் உள்ளவை எந்த இடத்தையும் சுட்டா. அருவி, மிளகு, சந்தனம் என்பன சில இடங்களுக்கே உரியன. அவை மூன்றும் வில்பத்தில் இல்லை. ஓரிடத்தை அடையாளங்காண்கையில் பொருந்துவனவற்றின் எண்ணிக்கையைக் காட்டிலும், பிறவிடத்தை விலக்கவல்ல சான்று எது என்பதே கணிக்கப்பட வேண்டும்.

பாடல்களின் பிற செய்திகளும் இம்முடிவினை வலியுறுத்துகின்றன. 158ஆம் பாடலில் எழினியோடு சேர்த்து எண்ணப்படுவோர் பறம்பின் பாரியும் கொல்லியின் ஓரியும் போன்ற தமிழகத்து மலைத்தலைவர். புறநானூற்று 172ஆம் பாடல் பிட்டனைச் சேரமான் கோதையின்கீழ் நிற்பவனாகக் காட்டுகின்றது. அஞ்சி என்பான் தகடூர் அதியமான் மரபினன். திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சேரர்க்கும் அதியமான்களுக்கும் இடைப்பட்ட மேற்குத் தமிழகத்து மலைப்பகுதியிலேயே இம்மலை தேடப்படல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

5. பிளினியின் துறை

அடுத்து இப்புரொஸ். பிளினி அத்துறையின் பெயரையன்றி அதன் தோற்றம், திசை, அயலிடம் எதனையும் கூறினாரல்லர். ஆகவே இங்கு எமக்குள்ள சான்று ஒரே ஒரு சொல்லாகும். அச்சொல்லும் ஐயத்திற்கு இடமின்றி மலையைக் குறிப்பதன்று. ஊரா என்பது கிரேக்கத்தில் வால். ஒரொஸ் என்பது மலை. பிளினியின் நூலிற் காணும் வடிவத்தை உள்ளவாறே கொண்டால் அது குதிரைவால் எனப் பொருள்படும். அச்சொல் ஒருவகைக் கடல்மீனுக்கும் பெயராக வழங்கியது. குதிரைமலை எனக் கொள்ள வேண்டின் உயிரெழுத்தொன்றைத் திருத்தியே கொள்ளல் வேண்டும்.

அன்றியும், யவனர் தமிழ்நிலத்துப் பெயர்களை மொழிபெயர்த்தல் அவர்தம் வழக்கமன்று. முசிறியை முசிரிஸ் என்றனர். மதுரையை மொதூரா என்றனர். கருவூரைக் கரூரா என்றனர். கொற்கையைக் கொல்கோய் என்றனர். காதிற் கேட்டதைத் தம் நாவிற்கு ஏற்பத் திரித்து எழுதியதே அவர் நெறி. இவ்வொரு பெயரை மட்டும் அவர் பொருளறிந்து மொழிபெயர்த்தனர் எனின், அதற்குத் தனிக் காரணம் காட்டப்படல் வேண்டும்.

இத்துணையும் கூறியது இப்புரொஸ் வடமேற்குக் கரையில் இருந்திராது என நிறுவுதற்கன்று. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபத்தை அடுத்த கரை அது; கடலோடிகள் நாடிவரத் தக்க இடம். அக்கரையில் வடக்கே உள்ள மாந்தையில் 1980க்கும் 1984க்கும் இடையில் நிகழ்ந்த அகழாய்வுகள் பெருந்துறையொன்றின் நெடிய வாழ்வினை வெளிப்படுத்தின. ஆயின் குதிரைமலை முனையே இப்புரொஸ் எனத் துணிதற்கு வேண்டும் சான்று, அங்கு மண்ணிற் கிடைத்தாலன்றி, ஏட்டிற் கிடைக்கப்போவதில்லை.

ஏட்டுச் சான்றைப் பிறிதொரு சான்று உறுதிசெய்தல் எவ்வாறு அமையும் என்பதற்கும் இக்கதையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. எகிப்தின் கிழக்குப் பாலைநிலத்தில், பெரனிக்கே துறைக்குச் செல்லும் பாதையில் உள்ள பாறையொன்றில், புப்ளியுஸ் அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரின் பணியாளன் லூசாஸ் தான் அவ்வழி வந்ததைப் பொறித்துச் சென்றான். அதன் காலம் பொ.ஆ. 6. இதனால் புளோக்காமுஸ் குடும்பத்தின் செங்கடல் வாணிகத் தொடர்பு மெய்யென்பது தெளிவாயிற்று; அதே வேளை, பிளினி கூறும் குளோடியுஸ் காலத்திற்கும் இப்பொறிப்பின் காலத்திற்குமிடையே நாற்பதாண்டளவு இடைவெளி உண்டு என்பதும் தெரியவந்தது. நல்ல சான்று ஒரு வினாவுக்கு விடை தரும்போதே புதியதொரு வினாவையும் எழுப்பும். எல்லாவற்றையும் ஒருங்கே தீர்த்துவைக்கும் சான்றே ஐயுறத்தக்கது.

6. வழிகாட்டும் நூல்கள்

இருந்தவிடத்திலிருந்தே காணாத நிலத்திற் பயணஞ்செய்தல் தமிழர்க்குப் புதியதன்று. ஆற்றுப்படை நூல்கள் யாவும் அத்தகையனவே. 583 அடிகளாலாகிய மலைபடுகடாத்தில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்வரும் கூத்தனுக்கு நன்னனின் நாட்டிற்குச் செல்லும் வழியைக் கூறுகிறான். எங்கே பாறை வழுக்கும், எங்கே கவண்கல் வந்து விழும், எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும், ஆற்றை எவ்வாறு பற்றிச் செல்லவேண்டும் என அவன் சொல்லச் சொல்ல, கேட்போன் ஒரடியும் எடுத்துவையாமலே அம்மலையைக் கடந்துவிடுகிறான். அந்நூலின் நிலத்தை இன்று செங்கம், சேயாறு, பர்வதமலை எனத் தமிழகத்தில் அடையாளங்காண முடிகின்றது. ஏனெனில் அங்கு ஊரும் ஆறும் மலையும் வழியும் ஒன்றோடொன்று பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றைப் பெயர்த்தால் ஏனையவும் பெயரும்.

எம் அயலிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தோப்பூர் அடங்கும் கொட்டியார்ப் பற்றின் கரையில் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வைக்கப்பட்டிருந்து, 1679 ஒக்டோபரில் தப்பிச் சென்றார். அவர் 1681இல் வெளியிட்ட நூலில் அநுராதபுரத்திற்கு அப்பால் மல்வத்து ஓயாவைப் பற்றிக்கொண்டு காட்டினூடே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தமை விரித்துரைக்கப்பட்டுள்ளது. தமிழர் அருவியாறு என வழங்குவதும் அவ்வாறே. செய்மதிப் படத்தில் அவ்வாற்றின் வளைவுகளைப் பின்பற்றிச் சென்றால், இன்றைய வில்பத்தின் வடவெல்லைக்கு வடக்கே நொக்ஸ் நடந்த திசை தெளிவாகப் புலப்படும். எம் மாணவர்க்கு மிகவும் இன்பம் பயந்த பகுதி இதுவே. தம் ஊருக்கு அண்மையிற் பிடிபட்ட ஒருவன் எதிர்க்கரையில் விடுதலை பெற்றதை அவர்கள் விரல்நுனியாற் பின்தொடர்ந்தனர்.

இவ்விரு நூல்களும் வழியைக் கூறுகின்றன. குதிரைமலைப் பாடல்களோ புகழைக் கூறுகின்றன. வழி கூறும் நூலை நிலத்தின்மேல் விரித்துப் பார்க்கலாம். புகழ் கூறும் பாடலில் நிலம் வேறொரு பணியைச் செய்கின்றது. பன்றி கிளறிய மண்ணில் விதைத்து, கிடைத்ததை ஓரிலையிற் பலரோடு உண்ணும் குறவரை முதலிற் காட்டி, அதன்பின் அவர்தம் தலைவனை விளிக்கிறார் சாத்தனார். ஈயாத மன்னர் நாணும்படி பரிசிலர் அவன் புகழைத் தமிழகம் கேட்கப் பாடுவர் என முடிக்கிறார். குடிகளே இவ்வாறு பகுத்துண்பர் எனின் தலைவன் கொடையைத் தனியே நிறுவ வேண்டியதில்லை. எனவே இந்நிலக்காட்சி முகவரி அன்று, வாதம். அதனை முகவரியாக மட்டும் படித்தமையே முன்னைய ஆய்வின் குறைபாடு.

7. மெய்நிகர்ப் பார்வையின் எல்லை

எம் கருவியைப் பற்றியும் சில கூறல் வேண்டும். செய்மதிப் படம் பருந்தின் பார்வையைத் தருவது. கடலோர முனைக்குப் பெயரிட்டவர் பருந்தல்லர். தோணியிலும் கப்பலிலும் இருந்து கிடையாக நோக்கியவர். மேலிருந்து பார்க்கையிற் சிறு மேடாகத் தோன்றுவது, தாழ்ந்த கரை நெடுக ஓடிவந்த மாலுமிக்கு மலையாகவே தோன்றியிருத்தல் கூடும். உயரத்தை அளந்து, இது மலையன்று, ஆகவே பெயர் பிற்காலத்தது என்று முடிவுசெய்தால் நாமும் தவறிழைத்தவராவோம். அம்முனையின் தமிழ்ப் பெயர் பழமையானதாகவே இருக்கலாம். பாடலின் மலை அதுவன்று என்பதே எம் கூற்று. அல்லி அரசியின் அரண்மனை அங்கிருந்தது என்னும் வாய்மொழி வழக்கும், விசயன் இறங்கிய தம்பபண்ணி அச்செம்மண் நிலமே என்னும் வழக்கும் அம்முனை கடலோடிகளின் நினைவில் நெடுங்காலம் நின்றமையைக் காட்டுவன. ஆயின் வரலாற்று நிகழ்ச்சிக்கு அவை சான்றாகா.

படத்திற் புலப்படாது ஊர்வழக்காற் புலப்படுவனவும் உள. வில்பத்து என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அக்காட்டின் சிறப்பு மணல்விளிம்புடைய இயற்கை நீர்நிலைகள். அவை வில்லு எனப்படும். கணினித் திரையில் அவை கரிய வட்டங்களாய்த் தோன்றியபோது, “இவை நம் வில்லுகள் அல்லவா” என்றனர் மாணவர். தோப்பூருக்குத் தெற்கே, 1986இல் பிரகடனஞ் செய்யப்பட்ட சோமாவதியத் தேசியப் பூங்காவில், மகாவலி வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் நீர்நிலைகளும் வில்லு என்றே வழங்குகின்றன. அயலிலுள்ள சேருவிலையும், கிழக்குக் கரையின் தென்பாகத்துத் தம்பிலுவில், கோளாவில், பொத்துவில் என்பனவும் அச்சொல்லைத் தம் ஈற்றிற் கொண்டவை. பற்று என்பதோ கொட்டியார்ப் பற்றில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டாத சொல். வில்லுகளின் பற்று எனக் கொள்ளின் வில்பத்துப் பெயர் தெளிவாகும். ஆயினும் இரண்டிடத்து வில்லும் தோற்றத்தால் ஒன்றல்ல. மகாவலி வில்லு ஆற்று வெள்ளத்தால் நிரம்புவது. வில்பத்து வில்லு மழைநீரைத் தேக்குவது. ஒரே சொல் வெவ்வேறு நிலத்தோற்றங்களுக்கு வழங்குதல் கூடும் என்னும் இவ்வுண்மை, ஒரே குதிரை வெவ்வேறு மலைகளுக்குப் பெயராதல் கூடும் என்பதற்குத் தக்க எச்சரிக்கையாகும். சிங்களத்திலும் வில என்பது நீர்நிலையே. இச்சொல் யாருடையது என வழக்காடுவதினும், இரு மொழியாரும் ஒரே நீரின் கரையில் வாழ்ந்தனர் என்பதை அது காட்டுகின்றது எனல் பொருத்தமாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் குதிரைகள் மூன்று எனத் தெளிவாகும். பிட்டனும் எழினியும் அஞ்சியும் தொடர்புற்ற குதிரைமலை தமிழகத்து மேற்குமலை நிலத்தது. பிளினியின் இப்புரொஸ் தப்ரபேனின் துறையொன்று, பெயரொன்றே எஞ்சியது. வில்பத்தின் குதிரைமலை கடலோடிகள் கண்ட செம்மண் முனை. இம்மூன்றையும் ஒரே கயிற்றிற் கட்டியமையே புதிரைத் தீராப் புதிராக்கியது.

இவ்வாறு கூறுதல் ஈழத்தமிழரின் தொன்மையைக் குறைக்கும் என அஞ்சுவோர் உளர். “நம் கையில் இருந்த ஒன்றையும் விட்டுவிடுகிறோமா” என்று மாணவர் ஒருவரும் கேட்டார். அவ்வச்சம் வேண்டுவதில்லை. ஈழத்துப் பூதன்தேவனாரின் பாடல்கள் சங்கத் தொகைகளில் உள்ளன. காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஈழத்திலிருந்து உணவுப்பொருள் வந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. வில்பத்தின் உள்ளேயே, கலா ஓயாவை அடுத்த பொம்பரிப்பில், ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடத்தக்க ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1956இலும் 1970இலும் அங்கு அகழாய்வுகள் நிகழ்ந்தன. ஆனைக்கோட்டையில் 1980ஐ ஒட்டிய காலத்திற் பெருங்கற்காலச் சவக்குழியில் எழுத்துப் பொறித்த முத்திரையொன்று கிடைத்தது. பெயரொப்புமையை விட்டுவிட்டாலும் மண்ணும் பானையும் எழுத்தும் நம்மிடம் எஞ்சுகின்றன. குதிரைமலையைத் தேடி அதே காட்டினுள் நுழைந்தவர்கள் பொம்பரிப்பைக் கடந்துசென்றதே வியப்பிற்குரியது. வலியற்ற சான்றொன்றைப் பற்றிக்கொண்டிருப்பவன், அதனை மறுப்பவன் வரும்போது வலிய சான்றுகளையும் ஒருங்கே இழப்பான்.

இடப்பெயர் ஆய்வு வெறும் ஏட்டு விளையாட்டன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசுலிம் மக்கள், போருக்குப் பின் வில்பத்தின் வடவெல்லையை அடுத்த மறிச்சுக்கட்டிப் பகுதிக்கு மீண்டபோது, எது காடு, எது ஊர் என்னும் வழக்கு எழுந்து நீதிமன்றம் வரை சென்றது. 2006 ஓகஸ்ட்டில் மூதூர்ப் பகுதி மக்களும் ஊர்விட்டுக் கந்தளாய் சென்று மீண்டவர்களே. அத்தகைய வேளைகளில் வயலின் பெயரும் குளத்தின் பெயரும் வில்லின் பெயரும் சான்றாகக் கேட்கப்படும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மலையை ஓசையொற்றுமை கொண்டு இடம்பெயர்க்கப் பழகியவர், நேற்றைய ஊரைப் பற்றிப் பேசும்போது அவர் சொல்லை யார் நம்புவர்? ஆகவே பெயர்களைக் கையாள்வதில் நாம் மற்றெவரினும் கண்டிப்புடையோராதல் வேண்டும்.

அவ்வகுப்பின் இறுதியில் மாணவர்க்குப் பணியொன்று கொடுக்கப்பட்டது. தோப்பூரைச் சூழ்ந்த வயல், குளம், வில்லு, துறை ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, சொன்னவர் சொன்னபடியே எழுதி, வரைபடத்திற் குறித்து வருதல் வேண்டும் என்பது அப்பணி. பொருள் விளக்கம் எதுவும் இப்போதைக்கு எழுதவேண்டாம் எனவும் கூறப்பட்டது. பிற பற்றுகளிலும் இத்தகைய தொகுப்புகள் உருவாகுமாயின், நாளைய ஆய்வாளர்க்கு அவை குதிரைமலையினும் உறுதியான நிலமாகும்.